இத்தோமான் மட்டும் வேண்டாம்

மகள் யூனாவைக் கராத்தே வகுப்பில் சேர்க்கும் பொறுப்பை இனி தாமே ஏற்பதென்று, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பன்றிக்கறியின் முன்னிலையில், தொகேஷி மோரிகாட்சு பிரகடனம் செய்தார். கறி மட்டும்தான் கேட்டது. மனைவி ஹருமி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள்.

அவள் இறங்கி வந்ததும் பிரகடனத்தை மறுபடி செய்யவேண்டி வந்தது. இரண்டாம் முறை செய்யும் பிரகடனம் விண்ணப்பமாகிவிடுகிறது.

மோரிகாட்சு தெற்குக் கடல் தீவொன்றிலுள்ள நாஹா நகரத்துக்காரர். சிமெண்ட் கம்பெனி ஒன்றில் வேலை. மாற்றல் வந்தால் ஆண்பிள்ளை மட்டும் பெட்டியோடு கிளம்புவதும், பெண்டாட்டி பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பதும் அங்கே வழக்கம். அப்படித்தான் யூனாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது கடல் தாண்டி ஓசாகாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவளுக்கு எட்டு.

பிரிவைப் பாட நம் பழம்புலவர்கள் பாலை நிலம் முழுவதையும் எழுதி வைத்தார்கள். காத்திருப்பவளுக்கு முல்லையைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவன் எங்கே உட்காருவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மோரிகாட்சு பெரும்பாலும் சமையலறை வாசலில் நின்றார்.

வீடு அவர் இல்லாமல் நடக்கக் கற்றிருந்தது. தாயும் மகளும் பாதி வாக்கியத்தில் சிரித்தார்கள். என்னவென்று கேட்டால் பொறுமையாக விளக்கினார்கள். விளக்கப்பட்ட நகைச்சுவைக்குச் சிரிப்பது விருந்தாளியின் கடமை. சிரித்தார்.

இதற்கிடையில் மேனேஜர் அவரைத் தனியே அழைத்து, நகோயாவில் ஓர் இடம் காலியாகிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றிருந்தார். அவர் வீட்டில் இதைச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பல் டாக்டர் கட்டடத்துல கீழ ஒரு கராத்தே கூடம் இருக்கு. நடந்தே போயிடலாம்" என்றாள் ஹருமி.

"அது ஷூரி வழி."

"இருக்கட்டுமே. அங்கயும் உதைக்கத்தானே கத்துத் தராங்க?"

"ஷூரி வழி அரண்மனையோடது, ஹருமி. எல்லாம் துள்ளல். நாஹா வழி துறைமுகத்தோடது. மூச்சு, நிதானம், வேர் பிடிச்ச மாதிரி நிக்கிறது. நாம பரம்பரையா நாஹா."

"உங்கப்பா டாக்சி ஓட்டினார். அவருக்கு எல்லா வழியும் தெரியும்."

மோரிகாட்சு இதைக் காதில் வாங்கவில்லை. வாங்கினால் பதில் சொல்ல வேண்டும்.

"சரி, எங்க வேணா சேருங்க" என்றாள் அவள், கறியைக் கிளறியபடி. "இத்தோமான் மட்டும் வேண்டாம். அந்த ஊர் அராகாகி மாஸ்டர் நல்லாத்தான் சொல்லித் தராராம். ஆனா சாயங்காலம் அந்த ரோட்டுல மாட்டினா ஒரு மணி நேரம் கார்லயே உக்காந்திருக்கணும்."

மோரிகாட்சு நிமிர்ந்தார். ஒரு மணி நேரம். கார். பக்கத்தில் யூனா. தொலைக்காட்சி இல்லை, அம்மா இல்லை, எழுந்து வேறு அறைக்குப் போக வழியில்லை. தீவே சபிக்கும் அந்தச் சாலை நெரிசல் திடீரென்று அவருக்கு இறைவன் திறந்துவைத்த வாசலாகத் தெரிந்தது.

"இத்தோமான்தான்" என்றார். "கலப்படமில்லாத நாஹா வழி அங்கதான் இருக்கு."

"உங்க பிடிவாதத்தோட ஜெயிக்க முடியுமா?" என்று பெருமூச்சு விட்டாள் ஹருமி. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் தோற்றதில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டியவர் வெற்றிக் களிப்பில் இருந்தார்.

"ஆனா முதல்ல நீங்க மட்டும் போய்ப் பாருங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சிட்டு, அப்புறம் வேண்டாம்னா மாஸ்டர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

நியாயம்தான். வெள்ளிக்கிழமை தனியாகப் போனார். கார் நகரவே இல்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்து ஒத்திகை நடத்தினார்: "பள்ளிக்கூடத்துல உனக்கு யாரு சிநேகிதி?" இருக்கை பதில் சொல்லவில்லை. "கணக்கு பிடிக்குமா?" என்று கேட்டார். அடுத்த காரில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்ததும் பாடுவதுபோல் பாவனை செய்தார்.

மாஸ்டர் வீட்டின் கீழ்த்தளம்தான் கூடம். மீன்பிடித் துறைமுகத்தின் வாடை ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் குழந்தைகள். பின்வரிசையில் ஒரு முடிதிருத்துபவர், மீன் ஏலம் விடும் இரண்டு அம்மாள்கள். காலை நீட்டினால் மரியாதைக் குறைவென்று மோரிகாட்சு வகுப்பு முடியும்வரை மண்டியிட்டே பார்த்தார்.

"அடுத்த வெள்ளியும் வருவீங்களா?" என்றார் அராகாகி மாஸ்டர். அகலமான மனிதர், குறுகலான பேச்சு.

"கட்டாயம், மாஸ்டர்."

முகத்துக்கு நேரே சரியென்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவதே அந்தத் தீவின் நாகரிகம். யாரும் யாரையும் நோகடிப்பதில்லை. ஓசாகா வாசம் இதை மறக்கடித்திருந்தது. மோரிகாட்சு சொன்னபடியே வந்து நின்றார்.

இம்முறை கையில் ஒரு பொட்டலம். "வெறுங்கையோட போகாதீங்க" என்று ஹருமி கருஞ்சர்க்கரைப் பணியாரம் சுட்டுத் துணியில் கட்டிக் கொடுத்திருந்தாள். அதை இரு கையாலும் முன்னே நகர்த்தி, நெற்றி தரையில் படக் குனிந்தார். மாஸ்டர் மாடிக்குப் போனார். மடித்த வெள்ளைச் சீருடையோடு இறங்கி வந்தார்.

"அளவு சரியா இருக்கும்."

"என் பொண்ணு இவ்வளவுதான் இருப்பா, மாஸ்டர்" என்று இடுப்பளவு காட்டினார் மோரிகாட்சு.

"உங்களுக்கு. முழு வகுப்பும் முட்டி போட்டுப் பாத்தீங்க. சொன்னபடி வந்தீங்க. பொட்டலம் வெச்சுக் குனிஞ்சீங்க. நானும் எங்க மாஸ்டர்கிட்ட இப்படித்தான் சேந்தேன்."

"ஐயோ, நான் என் மகளுக்காக..."

"அவதான் பல் டாக்டர் கட்டடத்துல சேந்தாச்சாமே. வீட்டம்மா போன்ல சொன்னாங்க." மாஸ்டர் பணியாரத்தைக் கடித்தார். "இங்க ஒரே விதி. சேந்தவங்க கறுப்பு பெல்ட் கட்டாம போறதில்ல."

எழுந்து ஓடலாம். கால்கள் மரத்திருந்தன.

அவர் நொண்டிக்கொண்டு வீடு திரும்பியபோது ஹருமி பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யூனாவை எப்போ சேத்த?"

"நீங்க முதல் தடவை கிளம்பின அன்னிக்கு."

"என்னை ஏன் மாட்டிவிட்ட?"

"இங்க வாசல்லயே பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. வந்ததுலேருந்து நிக்கிறீங்க. எங்கயாவது ஏத்திவிடணும்னு தோணிச்சு."

மோரிகாட்சு சீருடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கராத்தேக்காக இல்ல, ஹருமி. அந்த ரோட்டுக்காக. அவகூட ஒரு மணி நேரம் கிடைக்குமேன்னு."

கத்தி நின்றது.

"அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? ஷூரி, நாஹான்னு சரித்திரம் எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமை அவளுக்கு வகுப்பு இல்ல. கூடக் கூட்டிட்டுப் போங்க."

"வருவாளா?"

"என்னைக் கேட்டா? உங்க பொண்ணுதானே, நீங்களே கேளுங்க."

யூனாவின் அறைக் கதவை, தபால்காரர் தட்டுவதுபோல் தட்டினார். விஷயத்தைச் சொன்னார். உள்ளே யோசனை நடந்தது.

"அப்பா அடி வாங்கறதைப் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"அப்ப வரேன்."

வெள்ளிக்கிழமை. அவர் ஆசைப்பட்ட நெரிசல் கொஞ்சமும் குறையாமல் கிடைத்தது. ஒத்திகை பார்த்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. யூனா அவருடைய வெள்ளை பெல்ட்டை மடியில் வைத்து முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இரண்டு சிக்னல்கள் கழிந்தன. வெளியே மழை தூறியது. ஓசாகா அறையில் தனியாகச் சாப்பிட்ட இரவுகளில்கூட இவ்வளவு நிசப்தம் இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

"அப்பா, நகோயா தூரமா?"

நின்றிருந்த காருக்கு அவர் பிரேக் போட்டார்.

"நகோயான்னு யாரு சொன்னா?"

"அம்மாதான். உங்க மேனேஜர் வீட்டு அத்தை சொன்னாங்களாம். ஓசாகா மாதிரி தூரமா?"

"கிட்டத்தட்ட."

யூனா ஒரு முடிச்சை இறுக்கினாள்.

"கறுப்பு பெல்ட் கட்டற வரைக்கும் விட்டுட்டுப் போக முடியாதாமே. அதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?"

"நல்லா செய்யறவங்களுக்கு நாலஞ்சு வருஷம். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எனக்குப் பத்து, பன்னிரண்டு ஆகும்."

"அப்பாடா!" என்று இருக்கையில் சாய்ந்தாள் யூனா. "அம்மா சரியான இடமாத்தான் பாத்து வெச்சிருக்காங்க. வேண்டாம்னு சொன்னாத்தான் நீங்க போவீங்கன்னும் சொன்னாங்க."