பதினேழு கதவுகள்

"முதல்ல மியூசியம். சொல்லுங்க" என்று அம்சம் நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இராஜாங்கம் காப்பி டம்ளரைச் சற்று உயர்த்தி அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி இன்னும் அரை நாள் கூட ஆகவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை, குளிக்கவில்லை. அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"ஒரே அசதியா இருக்கு அம்சம். சாயங்காலம் நிதானமா சொல்றேனே."

"சரி. அப்ப லத்தீஃபாவையும் செந்தாமரையையும் சாயங்காலமே வரச் சொல்லிடறேன். அவங்களும் கேக்கணும்னாங்க. அஞ்சு மணிக்கு வச்சுக்கலாமா?"

ஒருத்தியிடம் சொல்லித் தப்பித்திருக்க வேண்டிய பொய், இப்போது மூன்று பேரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இராஜாங்கம் மன்னார்குடி பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் சிங்கப்பூர் மியூசியத்தில் என்ன இருக்கிறது என்று நல்ல விழிப்பில் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. அவர் அதைப் பார்க்கவில்லை. மியூசியத்தை மட்டுமல்ல, அம்சத்தின் நோட்டில் இருந்த பத்து இடங்களில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பயணமே இரண்டு பேருக்கானது. மகன் செழியன் அங்கே வேலை பார்க்கிறான். அப்பா அம்மா இருவருக்கும் டிக்கெட் போட்டிருந்தான். அம்சத்தின் பாஸ்போர்ட் மட்டும் வந்து சேரவில்லை. "ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதா?" என்று அவள் கேட்டாள். "சம்பா நடவு வந்துடும். நான் போய் உனக்கும் சேத்துப் பாத்துட்டு வந்து சொல்றேன். ரெண்டு கண்ணு பாத்தா என்ன, நாலு கண்ணு பாத்தா என்ன?" என்றார் இவர். அவள் நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. சிங்கப்பூர் போகிறவர் கையில், அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். முறுக்கு, வடகம், பருப்புப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய். இராஜாங்கம் டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் கூடத்தில் ஒரு பொட்டலம் கூடியிருந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பதினேழு.

"இத்தனையையும் எப்படிடி?" என்று அலறினார்.

"மாட்டேன்னா மனசு சங்கடப்படுவாங்க. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டு வந்துடாதீங்க, அவங்கவங்க கையில கொடுங்க. அவ்வளவு தூரம் போயிட்டு கை நனைக்காம வந்தாலும் தப்பா நெனப்பாங்க" என்றாள் அம்சம்.

ஏழு நாள், பதினேழு வீடு. தீவின் இந்த மூலையில் ஒரு வீடு, அந்த மூலையில் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் இட்லி, பிரியாணி, அது முடிந்ததும் ஒரு தூக்கம். செழியனுக்கு லீவு கிடைக்கவில்லை. இராஜாங்கம் சிங்கப்பூரில் பார்த்ததெல்லாம் ரயில், லிப்ட், சோறு.

"போன் குடுங்க. படமாச்சும் பாக்கறேன்" என்று அம்சம் கையை நீட்டினாள்.

மறுக்க முடியாமல் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

"என்னங்க, எல்லாம் கதவா இருக்கு?"

வழி தப்பிவிடக் கூடாது என்று, போன வீட்டு வாசலையெல்லாம் நம்பர் தெரியப் படமெடுத்து வைத்தது அவருடைய முப்பது வருடப் பழக்கம் செய்த வேலை. வேறு ஒரு படமும் அவர் எடுக்கவில்லை.

"அது வந்து... மியூசியத்துல வச்சிருக்கற கதவுங்க" என்றார்.

"பதினேழுமா?"

"கதவுக்குன்னே தனி மியூசியம் அங்க."

"வாசல்ல செருப்பு கிடக்குதே?"

"அதையும் சேத்துத்தான் வச்சிருக்காங்க. அந்தக் காலத்துல எப்படிக் கழட்டிப் போட்டாங்கன்னு ஜனங்க தெரிஞ்சுக்க வேணாமா?"

அம்சம் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். "நல்லாருக்கே. சாயங்காலம் எல்லாருக்கும் காட்டலாம். போன் எங்கிட்டயே இருக்கட்டும்."

இனி போனில் தேடிப் பார்த்துப் படித்துக்கொள்ளவும் வழியில்லை. இராஜாங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெப்பக்குளத்துக் கரையில் ஜாஃபர் சாதிக் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பன்னிரண்டு வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவன். அவனை விட்டால் வேறு கதியில்லை.

விஷயத்தைக் கேட்டதும் ஜாஃபர் சிரித்தான். "இவ்வளவுதானாண்ணே? அந்த மியூசியத்துல ஏழு மாசம் வேலை பாத்திருக்கேன். ஒரு இண்டு இடுக்கு விடாம தெரியும்."

இராஜாங்கத்துக்கு உயிர் வந்தது. "சொல்லு தம்பி. உள்ள போனா என்ன இருக்கும்?"

"ஏசி டக்ட் இருக்கும். பதினெட்டு இன்ச். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓட்டம்."

"அது மேல. கீழ?"

"கீழ நான் எறங்கினதே இல்லண்ணே. சீலிங்குக்கு மேலதான் நம்ம வேலை. பின்வாசல் வழியா ஏணியில ஏறுவோம், அது வழியாவே எறங்கிடுவோம்."

"யாராலும் படிக்க முடியாத பழைய கல்வெட்டு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கலாம். அந்த ரூம்ல ஈரப்பதம் ஏறவே கூடாதுன்னு சூப்பர்வைசர் உயிரை எடுப்பாரு."

"ஆத்து முகத்துல சிங்கத் தலையும் மீன் உடம்புமா ஒரு சிலை?"

"வாயிலேர்ந்து தண்ணி கொட்டும்ணே. மோட்டார் எத்தன எச்பின்னு விசாரிச்சேன். சொல்ல மாட்டேன்னுட்டானுங்க."

இராஜாங்கம் குளத்துப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். நடுக்குளத்தில் மண்டபம் தெரிந்தது. அதுவும் ஒரு தீவுதான். அறுபத்து மூன்று வருடமாக இந்த ஊரில் இருக்கிறார், அங்கேயும் அவர் போனதில்லை. உட்கார்ந்தபடியே ஒரு முடிவுக்கு வந்தார். நேரத்தைச் சொன்னால் எதையும் ஊர் நம்பும். ஒன்பது மணிக்கு பஸ் என்றால் யோசிப்பார்கள், ஒன்பது பத்து என்றால் மூட்டையோடு வந்து நிற்பார்கள். பேருந்து நிலையத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் இது.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. அடுத்த தெரு லத்தீஃபா, பின்வீட்டுச் செந்தாமரை, கூப்பிடாமலே வந்த எதிர்வீட்டு நல்லக்கண்ணு. அம்சம் வாழைக்காய் பஜ்ஜி போட்டு வைத்திருந்தாள். நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

இராஜாங்கம் தொண்டையைச் செருமினார். "செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்துக்கு மியூசியம். உள்ள போனதும் அண்ணாந்து பாக்கணும். பதினெட்டு அங்குலக் குழாய் ஒண்ணு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுது."

"ராஜா காலத்துக் குழாயா?" என்றாள் செந்தாமரை.

"அப்படித்தான் வச்சுக்கணும்."

"அந்தக் கல்வெட்டு?" என்று அம்சம் கேட்டாள்.

"அதுக்கு மேலயும் குழாய் போகுது."

"எத்தனை வரி இருந்துது?"

"ஈரப்பதம் இருக்கக் கூடாதுன்னு ரொம்பக் கண்டிப்பு. கிட்டப் போக விடல" என்றார். சொல்லும்போதே வியர்த்தது. "பதினொன்னு இருபதுக்கு மலைக்கோட்டை. ஒண்ணு அஞ்சுக்கு..."

"இருங்கண்ணே" என்றாள் செந்தாமரை. "செவ்வாக்கெழம ஒம்போது மணிக்கு நீங்க எங்க பொண்ணு வீட்லல்ல இருந்தீங்க? ஆறு இட்லி சாப்ட்டீங்கன்னு அன்னிக்கே போன் பண்ணி சந்தோஷப்பட்டுச்சே."

"அப்ப அது புதன்."

நல்லக்கண்ணு பஜ்ஜியை மென்றுகொண்டே தலையைத் தூக்கினார். "புதன்கிழம எங்க மாப்ள வீடு. 'பெரியவரு சோபாவுலயே தூங்கிட்டாரு, எழுப்ப மனசு வரல'ன்னாரே. விளக்கு வைக்கிற வரைக்கும் தூங்கினீங்களாம்ல?"

"வியாழன். வியாழக்கிழமைதான். ஒன்பது பத்து" என்றார் இராஜாங்கம். ஒன்பது பத்தை மட்டும் அவர் விடுவதாக இல்லை.

பேச்சை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. "அம்சம், அந்தக் கதவுப் படத்தைக் காட்டேன்" என்று அவரே சொன்னார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது போன் லத்தீஃபாவின் கைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

லத்தீஃபா ஒரு படத்தில் நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் பச்சைச் செருப்பு நான் போன வருசம் கீழராஜ வீதியில எங்க பையன் ஜாஹித்துக்கு வாங்கிக் கொடுத்தனுப்பினதுல்ல? இது அவன் வீட்டுக் கதவுதான். இதை ஏன் மியூசியத்துல வச்சிருக்காங்க?"

இராஜாங்கம் அம்சத்தைப் பார்த்தார். அவள் கோபமாக இல்லை. நோட்டில் பேனாவை வைத்தபடி, எழுதுவதா வேண்டாமா என்று காத்திருந்தாள். 'கல்வெட்டு, எத்தனை வரி' என்று எழுதி, எதிரில் இடம் விட்டிருந்தாள்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ செய்தது. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் அம்சம். வருடா வருடம் பிள்ளைகளைத் தஞ்சாவூர் அரண்மனைக்குக் கூட்டிப் போவார்கள். புளியோதரை அண்டாவோடு இவளும் வேனில் போவாள். பிள்ளைகள் உள்ளே போய் ராஜா தர்பாரையும் சிலைகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். இவள் வெளியே வேப்பமரத்தடியில் அண்டாவுக்குக் காவல் இருப்பாள். இருபத்திரண்டு தடவை போயும் இவள் உள்ளே போனதில்லை. அவளுக்காகப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, அவர் குழாய்க் கதை கொண்டுவந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"நான் ஒண்ணுமே பாக்கல அம்சம்" என்றார். "மியூசியம் பாக்கல, கோட்டை பாக்கல, சிங்கத்தைப் பாக்கல. படகுல ஏறல. காலையில ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. பதினேழு பொட்டலமும் பதினேழு சோறும்தான். நீ வந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. உன்னை விட்டுட்டுப் போனது என் தப்பு."

செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய பருப்புப் பொடி இரண்டு கிலோ.

அம்சம் நோட்டை மூடினாள். எழுந்து உள்ளே போய் ஒரு கவரோடு திரும்பி வந்தாள். அதற்குள் நீல நிறத்தில் பாஸ்போர்ட் இருந்தது.

"நீங்க போன நாலாம் நாளே வந்துடுச்சு" என்றாள். "ஒண்ணையும் பாக்காம வந்தா போயிட்டு வந்ததா ஆவுமா? செழியன்கிட்ட சொல்லியாச்சு. நடவு முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடறேன்னான்."

இராஜாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லியும் ஒரு வார்த்தை திட்டாத மனைவி யாருக்குக் கிடைப்பாள்? நெஞ்சில் கைவைத்து எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இந்தத் தடவ ஒரு பொட்டலம் தூக்க மாட்டேன். யாரும் கொண்டாராதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் சரி."

அம்சம் சட்டென்று பஜ்ஜித் தட்டைத் தூக்கினாள். "லத்தீஃபா, இன்னும் ரெண்டு எடுத்துக்க. ஆறிடும்."

லத்தீஃபா எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "போதும் அம்சக்கா. ஆனா அண்ணன் சொல்றதுதான் சரி, இந்தத் தடவையாச்சும் வீடு வீடா வந்து 'எதையாவது கட்டிக் கொடுங்க, எங்க வீட்டுக்காரரு தூக்கிட்டுப் போவாரு'ன்னு நீங்க கேட்டு வாங்கிட்டுப் போவாதீங்க. 'ஊறுகாயெல்லாம் இங்க கீழ்க்கடையிலயே கெடைக்குதே, ஏம்மா அந்தப் பெரிய மனுசனைச் சொமக்க விட்டே'ன்னு ஜாஹித் என்னைய ஏசுறான்."