தெர்மாகோல் தின்ற பூமித்தாய்

அந்த வாரம் விருத்தாசலத்தில் கடவுள்களுக்கே லீவு. பழமலைநாதர் கோயில் வாசலில் தேங்காய்க் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரே ஜங்ஷன் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. கல்யாணமா? இல்லை. தெர்மாகோலை மண்ணாக்கும் மகான் வந்திருக்கிறார்!

பெயர் பூமியானந்தர். காவி கிடையாது. பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, பச்சைக்கல் மோதிரம். நெற்றியில் விபூதிக்குப் பதிலாகச் செம்மண். அவர் வந்திறங்கிய கார் மட்டும் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பக்தி என்று வந்துவிட்டால் நாம் முதலில் பொத்திக்கொள்வது மூக்கைத்தானே!

விருத்தாசலம் பீங்கான் சாமான் செய்கிற ஊர். அந்தச் செராமிக் கம்பெனி முதலாளிகள் ஏன் ஒரு சாமியாரிடம் ஓட வேண்டும்? காரணம் இருக்கிறது. அந்த வருடங்களில் வெளியூர் வியாபாரிகள் புதிதாக ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். "சரக்கு நல்லா இருக்கு. எதுல பேக்கிங் பண்றீங்க? அது மண்ணுல மக்குமா? உங்க கம்பெனியிலேருந்து என்னென்ன குப்பை வெளிய போகுது? ஒளிக்காம எழுதிக் குடுங்க." கப்பு உடைந்ததா என்று கேட்டால் பதில் சொல்லலாம். ஒளிக்காமல் எழுதிக் கொடு என்றால்? உண்மையைச் சொல்வதைவிட ஒரு சாமியாரைப் பிடிப்பது எவ்வளவோ சுலபம் இல்லையா?

அப்படி ஓடியவர்களில் கொளஞ்சிநாதனும் ஒருவர். டீ கப்பு செய்கிறவர். அவருடைய சூளை மூன்று மாதமாக அணைந்தே கிடந்தது. பெங்களூரில் ஓட்டல்களுக்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனி ஒன்று வருடம் முழுவதற்கும் கப்பு கேட்டிருந்தது. அவர்கள் ஆள் திங்கட்கிழமை நேரில் வருகிறார். ஆர்டர் கிடைத்தால் சூளை எரியும். கிடைக்காவிட்டால் கம்பெனி கேட்டை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். கொளஞ்சிநாதன் தூக்கத்திலும் "திங்கக்கெழம, திங்கக்கெழம" என்று புலம்பினார்.

அவர் கம்பெனியில் பேக்கிங் செய்வது பூவாயி. வைக்கோலைக் கயிற்றுப் பிரி போல முறுக்கி, கப்பைச் சுற்றிப் பழைய பேப்பரைப் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்குவாள். கல்கத்தா வரை போன கப்பு காது உடையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொளஞ்சிநாதனுக்கோ அந்த வைக்கோலைப் பார்த்தாலே அவமானம்.

"மாட்டுத் தீனியில வெச்சு அனுப்புனா பெங்களூர்க்காரன் நம்மள என்னான்னு நெனைப்பான்?" என்று அலுத்துக்கொள்வார்.

இந்த அவமானத்துக்கு மருந்து தேடித்தான் மண்டபத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மேடையில் ஒரு பீங்கான் ஜாடி. அடியில் கொஞ்சம் மண். பூமியானந்தர் வெள்ளை வெளேரென்று ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்துக் காட்டினார். ஜாடியில் போட்டார். வெள்ளிச் செம்பிலிருந்து "பூமித் தீர்த்தம்" ஊற்றினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். ஜாடியைச் சாய்த்துக் காட்டினார். தெர்மாகோலைக் காணோம்!

"பூமித்தாய் சாப்ட்டுட்டா!" என்றார். மண்டபம் அதிர்ந்தது. மேடையைச் சுற்றிப் பன்னீரும் ஜவ்வாதும் தெளித்திருந்த தெளிப்பில் முன்வரிசைக்காரர்கள் பாதிப்பேர் தும்மினார்கள். அதையும் நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பிறகுதான் சாமியார் தூண்டிலைப் போட்டார்.

"சூளைக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? சுடாத கப்பு மேல தண்ணி பட்டா என்னாகும்?"

"மண்ணாப் போயிடும் சாமி!"

"சுட்ட கப்பு?"

"காலத்துக்கும் கரையாது சாமி!"

"கடையில விக்கிறது சுட்ட தெர்மாகோலு. இது நான் தபசுல செஞ்ச சுடாத தெர்மாகோலு!"

அடடா! கைதட்டலைக் கேட்க வேண்டுமே! வேறு ஊரில் இதைச் சொல்லியிருந்தால் ஒருவனாவது சிரித்திருப்பான். இங்கே சூளையோடு பிறந்து சூளையோடு வளர்ந்தவர்கள். சுட்டது, சுடாதது என்றதும் தலை தானாக ஆடிவிட்டது. தெர்மாகோலை எந்தச் சூளையில் சுடுவார்கள் என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. கொளஞ்சிநாதன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இனி யாவாரம். தெர்மாகோலை அவரிடம்தான் வாங்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி அவருடைய பச்சை முத்திரையை ஒட்ட வேண்டும். கூடவே ஒரு சான்றிதழ். மணிமுத்தாற்றங்கரையில் கொட்டுகிற உடைசலுக்கும், கப்புக்கு மினுமினுப்புப் பூசிவிட்டு வாய்க்காலில் விடுகிற கிளேசு தண்ணிக்கும் சேர்த்து அதிலேயே பரிகாரம் செய்துவிடுவாராம். எதையும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்! பக்கத்துக் கம்பெனி கலியமூர்த்தி அங்கேயே காணிக்கையைக் கட்டி ஒரு கட்டு முத்திரையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

கொளஞ்சிநாதன் வீட்டுக்குப் பறந்து வந்தார். மனைவி பானுமதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பானு, நம்ம கஷ்டம் தீந்துது! நாளைக்கே முத்திரை வாங்கிடலாம். பூவாயிய நின்னுக்கச் சொல்லிடு. வைக்கோலுக்கு இனிமே வேலையில்ல."

பானுமதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சாமிக்குக் கற்பூரம் காட்டுனாங்களா?"

"அந்த மண்டபத்துல கற்பூரம், ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது. பொகை பூமித்தாய்க்கு ஆகாதாம்."

"தீர்த்தம் குடிச்சீங்களா?"

"யாருக்கும் குடுக்கல."

"தலையிலயாச்சும் தெளிச்சாரா?"

"இல்ல... அது பூமிக்கு மட்டுந்தானாம்."

"நல்லா இருக்குது! ஒரு சொட்டுத் தீர்த்தத்துக்கு ஒருத்தர ஒருத்தர் இடிச்சுத் தள்ளிக்கிட்டுக் கையேந்துற சனம் நாம. நம்ம சூளைக்குத் தீ வெக்கறப்பக்கூட கற்பூரம் காட்டிட்டுத்தான் வெக்கறோம். குடிக்கக் கூடாத தீர்த்தம், கற்பூரத்துக்குப் பயப்படுற சாமி. இது எந்த ஊரு சாமிங்க?"

"நீ ஒன்னு! எதுல பாத்தாலும் நொட்டை. அத்தன பேரு கண்ணால பாத்தாங்க!"

"பாத்தாங்க. யாராச்சும் கேட்டாங்களா?"

கொளஞ்சிநாதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகப் புகையாத சூளை அவருக்கு; கேள்வி கேட்கிற மனைவி வேறு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பானுமதியும் மண்டபத்துக்கு வந்தாள். கையில் ஒரு கூடை. முந்தின நாளைவிடக் கூட்டம் அதிகம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன பேக்கிங் வேலை என்று கேட்காதீர்கள். கூட்டம் என்றால் போய் நிற்பது ஒரு வேலை.

சாமியார் செம்பைத் தூக்கியதும் பானுமதி எழுந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகங்க. உங்க தெர்மாகோலு சுடாதது, அதனால கரையுது. கடைத் தெர்மாகோலு சுட்டது, கரையாது. சரிதானுங்களா?"

"சத்தியம் தாயே."

மேடையோரம் போய்க் கூடையிலிருந்து ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்தாள். இலவச டி.வி. வந்த பெட்டியில் இருந்தது. அந்த டி.வி. ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தத் தெர்மாகோலும் வீட்டுக்கு வீடு பரண்மேல் கிடக்கிறது.

"அப்ப இது உங்க தீர்த்தத்துல கரையக் கூடாதுங்களே?"

சாமியார் "பூமித்தாயச் சோதிக்கக்..." என்று ஆரம்பிப்பதற்குள் துண்டு ஜாடிக்குள் விழுந்தது. புஸ்! அதுவும் போயே போய்விட்டது.

பித்தலாட்டம் உடைந்தது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! கலியமூர்த்தி கையைத் தலைக்கு மேல் கூப்பினார்.

"சாமி மகிமையப் பாத்தீங்களாய்யா! சுட்ட தெர்மாகோலையே கரைச்சுட்டாரு!"

மண்டபம் மறுபடி அதிர்ந்தது. சாமியாரும் பிடித்துக்கொண்டார். "என் அருள் தாயே!" என்று சிரித்தார். முட்டாள்தனத்துக்கு முட்டுக் கொடுக்க நம் ஊரில் ஆள் பஞ்சமே வராது. கொளஞ்சிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒக்காரு பானு, மானம் போவுது" என்றார்.

பானுமதி உட்காரவில்லை. கூடையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தாள். சாமியாரின் தெர்மாகோல் துண்டு ஒன்றை அதில் போட்டாள். அது ஜம்மென்று மிதந்தது. விரலால் அமுக்கினாள். மறுபடி மேலே வந்து மிதந்தது.

"சாமி, பெங்களூர்க்காரங்க இந்தத் தெர்மாகோலக் குப்பையில போடுவாங்க. அந்தக் குப்பை மேல வானத்துலேருந்து மழைத்தண்ணி பெய்யுங்களா, உங்க தீர்த்தம் பெய்யுங்களா?"

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரித்தார்.

"நாத்திகம் பேசாத!" என்று சாமியார் கத்தினார்.

"ஐயையோ, இல்லீங்க சாமி. பக்தியிலதான் வந்தேன். தீர்த்தத்துக்கு ஒரு கற்பூரம் காட்டிட்டுப் போறேன்."

தட்டில் கற்பூரத்தை வைத்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். அவ்வளவுதான்! பூமியானந்தர் பச்சை வேட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து ஒரே தாவாகத் தாவினார்.

"வேணாம்மா! வெச்சுடாத! பத்திக்கும்!"

தண்ணீர் எப்படிப் பற்றும்? இதை விளக்க ஒரு விஞ்ஞானி வேண்டுமா? பானுமதி குச்சியைக் கிழிக்கவே இல்லை. தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜாடியைக் கவிழ்த்தாள். மண்ணோடு சேர்ந்து கோந்து மாதிரி ஒரு வெள்ளை உருண்டை மேடையில் சப்பென்று விழுந்தது. அத்தனை தெர்மாகோலும் அதில் அப்படியே இருந்தது.

"பூமித்தாய் சாப்புடலங்க. வாயில அதக்கி வெச்சிருந்தா."

கொளஞ்சிநாதன் மேடையேறினார். முகர்ந்தார். பன்னீருக்கும் ஜவ்வாதுக்கும் அடியில் இருந்த அந்த வாசனை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கம்பெனியில் கப்புக்குப் பூப்போட்ட காலத்தில் தினமும் முகர்ந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு கேன் இருந்தது. அதன்மேல் பச்சை முத்திரை. நகத்தால் சுரண்டி உரித்தார். அடியில் இருந்த லேபிளில் தீப்படம் போட்டிருந்தது.

"தின்னருய்யா! பெயிண்டுல ஊத்துற தின்னரு!"

அந்த மண்டபத்தில் பாதிப்பேர் தினமும் தின்னரில் கைகழுவுகிறவர்கள். ஒருவர் மூக்குக்கும் அது தெரியவில்லை. கலியமூர்த்தி மடியிலிருந்த முத்திரைக் கட்டைப் பார்த்தார், சாமியாரைத் தேடினார். வாசலில் கறுப்புப் புகை மட்டும் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை பெங்களூர்க்காரர் வந்தார். பெட்டியைத் திறந்ததும் வைக்கோல் பொலபொலவென்று உதிர்ந்தது. கொளஞ்சிநாதன் அதில் ஒரு பிடியை அள்ளிக் காட்டினார்.

"வைக்கோலுங்க. கப்ப எடுத்துட்டு மாட்டுக்குப் போடலாம். மிச்சம் எருவாப் போயிடும்."

"உங்க கம்பெனியிலேருந்து வெளிய போற குப்பை?"

கொளஞ்சிநாதன் பானுமதியைப் பார்த்தார். பிறகு வந்தவரை ஆற்றங்கரைக்கே அழைத்துப் போனார். உடைந்த கப்பும் தட்டும் குவியலாகக் கிடந்தன.

"இது நாங்க கொட்டுனதுங்க. அந்த வாய்க்கால்ல வெளுப்பாப் படிஞ்சு கெடக்கறது நாங்க விட்ட கிளேசு தண்ணி. தப்புதான்."

வந்தவர் குனிந்து ஒரு உடைந்த கப்பை எடுத்துப் பார்த்தார். "வர்ற வழியில நாலு கம்பெனி பாத்தேன். எல்லாரும் சான்றிதழ் காட்டுனாங்க. குப்பைய யாரும் காட்டல" என்றார். பாதி ஆர்டரை அங்கேயே கொடுத்தார். இதை அள்ளி, தண்ணீரையும் நிறுத்திய பிறகு மீதி என்றார். அன்றைக்கே கற்பூரம் காட்டிச் சூளைக்குத் தீ வைத்தார்கள்.

"கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சியே தம்பி" என்று பூவாயி வைக்கோலை முறுக்கிக்கொண்டே சொன்னாள். கொளஞ்சிநாதன் இன்னொரு கை வைக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஊர் உருப்பட்டது என்று சொல்லலாம். அடுத்த வாரமே கலியமூர்த்தி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கொளஞ்சி, கெளம்புய்யா! நம்ம பக்கத்து மங்களூர்ல ஒருத்தரு வந்திருக்காராம். சூளை பொகைக்குத் தாயத்து தர்றாராம். பொகைக்கூண்டுல கட்டுனா பொகை அப்பிடியே சுத்தமாயிடுதாம்!"

கொளஞ்சிநாதன் பானுமதியைப் பார்த்தார். அவள் அசரவில்லை.

"போயிட்டு வாங்கண்ணே. தாயத்தக் கட்டுனதும் பொகைக்கு மேல ஒரு வெள்ளைத் துணியப் புடிச்சுப் பாருங்க."

வெள்ளைத் துணி இல்லாத வீடு இந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. அதைப் பிடித்துப் பார்க்கிற புத்தியைத்தான் எந்தச் சாமியாரிடம் அடகு வைத்தோம் என்று தெரியவில்லை. போய் மீட்டுக்கொண்டு வாருங்கள்!