கலீல் பாய் கம்பெனியில் கெபாசிட்டர் ஏறிய வரலாறு

சேசு மரி சூசை துணை

கிழக்குத் தாம்பரம்
14.8.2004

ஷார்ஜாவில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியராக விளங்கும் அன்பு மருமகன் ஆஸ்டினுக்கு, தாய்மாமன் சவுரிமுத்து ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும், மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் அறிவிக்கிறது. உன் நலனை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

நிற்க. நீ சிபாரிசு பண்ணி என்னைச் சூப்பர்வைசராகச் சேர்த்துவிட்ட கலீல் பாயின் பிளாஸ்டிக் வாளி கம்பெனியில் உன் பேரை நான் காப்பாற்றிய விதத்தைக் கேள். மே மாதம் மின்வாரியத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பவர் ஃபேக்டர் புள்ளி அறுபத்தெட்டு, புள்ளி எண்பத்தைந்துக்கு ஏற்று, இல்லாவிட்டால் மாதாமாதம் அபராதம். நீ படித்தவன், ஆனால் என் விளக்கம் உன் காலேஜில் கிடைக்காது. கல்யாண வீட்டுக்கு வந்து ஒரு வேலையும் செய்யாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்து வழியை அடைக்கிற மாமாக்கள் இருப்பார்களே (என்னைச் சொல்லவில்லை), கரண்டிலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. அவர்களை வீட்டுக்குள்ளேயே பேச்சுக் கொடுத்து உட்கார வைக்கிற ஆள்தான் கெபாசிட்டர். பாய் இதைக் கேட்டு அசந்துபோய், "சவுரி அண்ணே, ஆஸ்டின் சொன்னான்னுதான் உங்களை உள்ள வெச்சிருக்கேன். ஆகஸ்ட் ரீடிங்ல எண்பத்தஞ்சு வரலன்னா நீங்க கேட்டுக்குப் போயிடுங்க, வாட்ச்மேன் நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்றார். எவ்வளவு நம்பிக்கை பார்!

கெபாசிட்டர் பெட்டி என் டிசைன். எலக்ட்ரீஷியன் முனிரத்தினம் ஸ்க்ரூ திருகினான், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினோம். "அண்ணே, கைய வெக்காத. ஆப் பண்ணாலும் உள்ள கரண்ட் நின்னுகினு கீது" என்றான். நின்ற பஸ் மோதுமாடா என்று கேட்டுக்கொண்டே தொட்டேன். நான் விழவில்லை. உட்கார்ந்தேன். எட்டடி தள்ளி, வாளி அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். பேக்கிங் பெண்கள் சிரித்தது வேறு எதற்கோ.

உடனே கம்பெனியின் பலத்தைக் காட்ட வேண்டும் என்று, பழைய வாளிகளை அரைக்கும் கிரைண்டரை ஓடவிட்டு மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொன்னேன். அதன் மோட்டார் முப்பது குதிரைச் சக்தி, போன வருஷம் ஏலத்தில் நானே பொறுக்கி எடுத்த யானை. வந்த நாளிலிருந்தே முனிரத்தினம், "ஆட்டுக்குட்டிய இழுக்க எதுக்கு ஆனை, அண்ணே? சும்மா சுத்திகினு கீது" என்று புலம்புவான். அன்றைக்கு வாளிகளின் இரும்புப் பிடியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பிடி சிக்கி, மோட்டார் புகைந்து, வண்டலூர் சிங்கம் மாதிரி ஒரு சத்தம் போட்டுப் படுத்துவிட்டது. அவசரத்துக்கு முனிரத்தினத்தின் மச்சான் கடையிலிருந்து ஏழரைக் குதிரையில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினோம். போகட்டும், சின்ன விஷயம்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கெபாசிட்டருக்குத் திறப்பு விழா. பாய் துஆ செய்தார், நான் ஜெபம் சொன்னேன், முனிரத்தினம் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கி, ஸ்விட்ச் பிடியில் முழம் முழமாகச் சாமந்தி சுற்றினான். கைதட்டினோம். பிரியாணி வந்தது. அன்றிலிருந்து என்ன ஒரு அடக்கமான பெட்டி! சத்தமில்லை, சூடில்லை, விளக்குகூட எரியாது. நேற்று ரீடிங். புள்ளி தொண்ணூற்றொன்று! பாய் கட்டிப்பிடித்து, "இனிமே நீங்க எலக்ட்ரிக்கல் இன்சார்ஜ், அண்ணே" என்றார். கோவிலம்பாக்கத்தில் அவர் சம்பந்தி கம்பெனிக்கும் திங்கட்கிழமை என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நீயும் பாய்க்கு ஒரு போன் போட்டு, மாமா கைராசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்.

சூசையப்பர் உன்னைக் காக்க. வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்.

இப்படிக்கு,
தாய்மாமன் சவுரிமுத்து,
எலக்ட்ரிக்கல் இன்சார்ஜ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் முனிரத்தினம் வந்தான். காய்ந்த சாமந்தியை இன்றைக்குத்தான் எடுத்தானாம். "அண்ணே, ஸ்விட்ச்சே போடல! பொட்டி ஒரு நாள் கூட ஓடல. அந்த ஆனை மோட்டார்தான் வேல இல்லாம சுத்தி, மீட்டரைக் கீழ புடிச்சி இழுத்துகினு இருந்திச்சி. நீ அத்தக் கொளுத்துன பாரு, அதான் ஏறிக்கிச்சி" என்கிறான். நான் போட்டேன் என்று பாய், அவன் போட்டான் என்று நான், முதலாளி கையால் போடுவார் என்று அவன், ஆளுக்கொரு நினைப்பில் கைதட்டியிருக்கிறோம். ஆகவே போன் போடாதே. கோவிலம்பாக்கத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்: கெபாசிட்டர் இப்போதைக்கு வாங்க வேண்டாம், பழைய பெரிய மோட்டார் எது என்று மட்டும் காட்டுங்கள். இரும்புப் பிடியோடு நாலு வாளி எடுத்துவைத்திருக்கிறேன்.