நடுவர் மகனுக்கு, கூட்டத்தில் கத்திய அப்பா எழுதுவது

அன்பு மகனுக்கு,

ஆசிகள் பல சொல்லி அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசளவில் எப்படி என்பது நீ போனை எடுத்தால்தான் எங்களுக்கே தெரியும். மூன்று வாரமாக என் போனை நீ எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டபோது ஒரே ஒரு தடவை எடுத்து, வருகிற சனிக்கிழமை ஃபைனலுக்கு உன்னை நடுவராகப் போட்டிருப்பதாகவும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இனி விசிலையே தொடப்போவதில்லை என்றும் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயால் கெட்டவன், ஆகையால் கையால் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

குற்றம் முழுக்க என்னுடையதுதான். ஆனால் ஆரம்பித்து வைத்தது உன் அம்மா. ஆறு வருஷமாக நீ "மேட்சுக்கெல்லாம் வராதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய், நானும் சந்தோஷமாக வராமலிருந்தேன். வீட்டில் டிவி இருக்கிறது, சோபா இருக்கிறது, வெயிலில் காய்ந்துகொண்டு முன்வரிசைக்காரன் முதுகைப் பார்ப்பானேன் என்பது என் கட்சி. அம்மா கேட்கவில்லை. "அவங்கவங்க பிள்ளை வேலை செய்யற எடத்த ஊர்ல எல்லாரும் பாத்திருக்காங்க, நான் மட்டும்தான் பாக்கல" என்று ஒரு வாரம் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். சரி, உனக்குத் தெரியாமல் போய், தெரியாமல் வந்துவிடலாம் என்று கிளம்பினோம். தெரியாமல் வந்த லட்சணம்தான் உனக்குத் தெரியுமே.

அந்தக் கறுப்புச் சட்டையில் நீ மைதானத்துக்குள் ஓடி வந்தபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள் பார், இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. எதுக்குடி இந்தக் கிள்ளு என்றால், "சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கான்" என்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர். பந்து எங்கே போகிறது, எத்தனை கோல், எதையும் அவள் பார்க்கவில்லை. நீ ஓடினால் அவள் தலை ஓடும், நீ நின்றால் அவளும் மூச்சு விடுவாள். நாங்கள் வாசல் மாறிப் போய் உட்கார்ந்தது உள்ளூர் அணியின் ஆட்கள் கூட்டத்துக்கு நடுவே. பக்கத்தில் ஒரு பல் டாக்டர். தங்கமான மனுஷன். தன் கைக்குட்டையால் அம்மாவின் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார், வறுத்த கடலைப் பொட்டலத்தை நீட்டி எடுத்துக்கச் சொன்னார். பத்தாவது நிமிஷம் நீ ஒரு விசில் ஊதினாய். அந்தத் தங்கம் எழுந்து நின்று, "இவனப் பெத்தவளச் சொல்லணும்!" என்று கத்தியது. பெற்றவள் வாய் நிறைய அவர் கொடுத்த கடலை. மென்று முழுங்கிவிட்டு, பெத்தவ என்ன தம்பி பண்ணுவா, அவ நல்லாத்தான் வளத்திருப்பா என்று மெதுவாகச் சொன்னாள். வளர்த்த அழகுதான் தெரிகிறதே அம்மா என்று அவரும் மரியாதையாகவே பதில் சொல்லி, இன்னும் கொஞ்சம் கடலை கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டாள், வேறென்ன செய்வாள்.

இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வாரம் முழுக்க "வலிக்காது, வலிக்காது" என்று மெதுவாகப் பேசிப் பேசித் தொண்டை அடைத்துப் போகிறதாம், இங்கே வந்து ரெண்டு மணி நேரம் கத்திவிட்டுப் போனால்தான் திங்கட்கிழமை கை நடுங்காமல் பல் பிடுங்க முடிகிறதாம். பின்வரிசையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, அதற்கும் பின்னால் மாமனார் வீட்டோடு இருக்கும் ஒரு மாப்பிள்ளை. பார்த்தால் அத்தனை பேரும் வாரம் பூராவும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள். டிவியைப் பார்த்துக் கத்தினால் வீட்டில் கேட்பார்கள், இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது, இவர்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை, உன்னைத் திட்ட வருகிறார்கள்.

அப்புறம் அந்தப் பந்து. உள்ளூர்க்காரன் உதைத்தான், கோல்காரன் விழுந்து பிடித்தான், கோட்டைத் தாண்டவில்லை என்று நீ கையை ஆட்டினாய். நாலாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் என்னைப் பார்த்து, "ஏன் சார் சும்மா இருக்கீங்க? நீங்க அந்த டீமா?" என்றார். அவ்வளவுதான், முன்வரிசை பின்வரிசை எல்லாத் தலையும் திரும்பியது. ரெஃப்ரியோட அப்பன் என்று தெரிந்தால் உன் அம்மாவை எப்படிப் பத்திரமாக வெளியே கூட்டிப் போவேன்? எழுந்து, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து, "கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பது வருஷப் பழக்கம், நாக்கு நிற்கவில்லை. "கண்ணு தெரியலையா, பட்டுக்குட்டி?" என்று வந்துவிட்டது. அத்தனை பேரும் மூச்சு வாங்க நிறுத்திய நேரமாகப் பார்த்து வந்துவிட்டது.

டாக்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷமாக ரெஃப்ரிகளைத் திட்டுகிறாராம், இப்படி ஒரு வார்த்தை அவருக்குத் தோன்றியதே இல்லையாம். அடுத்த நிமிஷம் மொத்த மைதானமும் கை தட்டித் தாளம் போட்டு "பட்டுக்குட்டி! பட்டுக்குட்டி!" என்று ஆரம்பித்து, ஆட்டம் முடிகிற வரைக்கும் விடவில்லை. நீ ஒரே ஒரு தடவைதான் திரும்பினாய். நேராக எங்களைப் பார்த்தாய். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் வாசலைத் தாண்டும்போது பார்த்தாயே, அதே பார்வை. பஸ்ஸில் வரும்போது அம்மா, கத்தினது போகட்டும், வீட்டுப் பேரையா வெளியில் விடுவார்கள் என்று கேட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்து முத்திரை போட்டவன் நான். என்னை ஏசாத கடைக்காரன் இல்லை. அதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டதில்லை. திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று தெரிந்த நானே, நீ தனியாக நிற்கும்போது கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். பயத்தில் செய்துவிட்டேன்டா. மன்னிச்சிடு.

இப்போது ரெண்டு விஷயம் உறுதியாகச் சொல்கிறேன். ஒன்று, அந்தப் பந்து கோட்டைத் தாண்டவில்லை. நீ சொன்னதுதான் சரி, சத்தியமே செய்வேன். இன்னொன்று, இனி எந்த ஜென்மத்திலும் மைதானத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன். நீ தைரியமாகச் சனிக்கிழமை போய் விசில் ஊது. முட்டியைப் பார்த்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி. நீ நூறு வருஷம் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்ட உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பல் டாக்டரிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. என் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்திருந்தார். அந்தப் பந்தைத்தான் எடுத்திருக்கிறார். எட்டுத் தடவை ஓட விட்டுப் பார்த்தோம். தராசில் ஒரு குண்டுமணி விட்டுக்கொடுக்காதவன் பொய் சொல்லக் கூடாது. பந்து கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ளே. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று எழுந்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும், அனுப்புங்க. ஆனா போமாட்டேன்னு எழுதியிருக்கீங்களே, அதை மட்டும் அடிச்சிடுங்க. சரியாச் சொல்ற அன்னிக்கு அவனுக்கு யாரும் தேவையில்ல. தப்பாச் சொல்ற அன்னிக்கு அவன் பக்கம் உக்கார நம்மள விட்டா யாரு இருக்கா?" என்றாள். அடிக்கவில்லை, நேரமில்லை, சனிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். தப்பாக ஊதினாலும் பரவாயில்லை, வந்து ஊது. நாங்கள் இருப்போம்.