கொத்தமல்லி கிளார்க்கு நட்ட சாமி

வத்தல்மலையில் புதுசாக ஒரு சாமியை உண்டாக்கிய, சர்ச்சுக்குப் போகிற ஒரே வேதக்காரர் எங்கள் கொத்தமல்லி கிளார்க்குதான். வேறு யாராவது இருந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

உலகச் சண்டைக் காலம். பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்து மரக் கிடங்கில் அவர் கணக்கெழுதினார். நான் மரம் அடுக்கினேன். பச்சையாக எதைக் கண்டாலும் கிள்ளி, கசக்கி, மோந்து பார்ப்பார். ஒருநாள் முதலாளியம்மா தலையிலிருந்த மரிக்கொழுந்தை நோக்கி மூக்கு போய்விட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். இல்லாவிட்டால் வேலை போயிருக்கும்.

மரம் பார்க்க மலைக்குப் போனபோது அந்தச் செடி கிடைத்தது. பாறை ஓரம் ஒரு களத்தளவு இடம். முழங்கால் உயரம். கொத்தமல்லிப் பூ மாதிரி வெள்ளையாக, குடை விரித்தது போல. கசக்கினால் மல்லி வாசம். மலையில் வேறெங்கும் இல்லை. தேடித் தேடி என் கால்தான் தேய்ந்தது.

லீவு போட்டு ரயிலேறி, மெட்ராஸில் ஒரு காலேஜின் செடி வாத்தியாரிடம் பூவைக் காட்டினார். இந்தக் குடும்பத்தில் பூவெல்லாம் ஒரே மாதிரி, காய் முற்றினால்தான் இன்ன செடி என்று சொல்ல முடியும், இதுவரை யாருமே பேர் வைக்காததாகக்கூட இருக்கலாம் என்றாராம்.

அதோடு கிளார்க்குக்குத் தூக்கம் போச்சு. ஆடு காய் விட விட்டால்தானே? பூவிலேயே மேய்ந்துவிடும். ஆட்டுக்காரர்களிடம் கெஞ்சினார். முள் வெட்டிப் போட்டார். முள் யார் வூட்டு அடுப்புக்கோ போனது. கடைசியில் ஒரு வழி கண்டார். மஞ்சள் துணி கட்டிய இடத்தில் அங்கே யாரும் ஆட்டை விடமாட்டார்கள். ஒரு கல்லை நட்டு, தன் துண்டை மஞ்சளில் நனைத்துச் சுற்றிவிட்டு வந்தார்.

ஒரு ஆடுகூட வரவில்லை. பூ காயானது.

கார்த்திகையில் காய் எடுக்க இரண்டு பேரும் மலையேறினோம். போய்ப் பார்த்தால் தரை மொட்டை. சாணி மெழுகி, கோலம் போட்டிருந்தது. கல்லுக்கு முன்னால் பொங்கல் பானை. அவர் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

ஊர்க்கவுண்டர் சந்தோஷமாக வந்தார். சாமி தானாக வந்து இறங்கியிருக்கிறது, புதருக்குள் வைக்கலாமா, புதுச் சாமை அறுத்ததும் எல்லாவற்றையும் வேரோடு கொத்திவிட்டுப் பொங்கல் வைத்தோம் என்றார்.

"அது களை இல்லீங்க." கிளார்க்கு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேற என்னங்க அது?"

"தெரியலீங்க. பேரு இன்னும் வைக்கலீங்க."

"பேரில்லாததுக்கா கண்ணுல தண்ணி வுடறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். கொத்திப் போட்டதில் குடை குடையாக இருந்ததைப் பெண்கள் மாலை கட்டிக் கல்லுக்குப் போட்டிருந்தார்கள். முற்றின காயெல்லாம் அதில். கையைக் காட்டினேன். கிளார்க்கு பாய்ந்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கவுண்டர் முகம் மாறிவிட்டது.

"சாமி கழுத்துல கை வைக்கறதா? குளிச்சுட்டு வந்து வுழுந்து கும்புட்டு, பிரசாதமா வாங்கிக்கங்க."

சுனைத் தண்ணீர் ஐஸ். குளித்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத மனுஷன். கழுத்தில் சிலுவை ஆட, தான் நட்ட கல்லுக்கு, தன் துண்டுக்கு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மாலை கைக்கு வந்ததும் எழுந்தார்.

"சாமிக்கு வருஷா வருஷம் பூ வேணாமுங்களா? இந்த வெதையப் போட்டு நந்தவனம் வைக்கறேனுங்க."

கவுண்டர் யோசித்தார். ஆடு வராமல் நாங்க பார்த்துக்கறோம் என்றார்.

பாதி விதை மண்ணுக்கு. பாதி மெட்ராஸுக்கு. மறு மழைக்கு முளைத்தது. வாத்தியாரும் பேரைக் கண்டுபிடித்துவிட்டார். புதுசு இல்லையாம். ஆனால் ரொம்ப அபூர்வமாம். கிளார்க்கு அந்தப் பேரைச் சொல்வார், எனக்கு மூச்சு முட்டும். மலையில் எல்லோரும் சாமிப்பூ என்றார்கள். கல்லுக்கு விழுந்ததைப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சாமியார் பரிகாரமாகக் கொடுத்த ஜெபத்தை நந்தவனத்தில் களை எடுத்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

கிளார்க்கு போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. மழை விட்டதும் நான் இன்னும் மலையேறுகிறேன். ஒரே ஒரு இலை கிள்ளிக் கசக்கி மோந்துவிட்டு, "நல்லாருக்கீங்களா?" என்று கேட்பேன்.

கவுண்டர் மகன், நான் சாமியைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.