பாண்டிச்சேரிக்குப் போகாத என் பிரெஞ்சு

வெளிநாட்டில் உழைத்து ஓய்ந்த தமிழனுக்குச் சர்க்கரை வியாதி வருவதற்கு முன்னர் இன்னொரு வியாதி வரும். மிச்சக் காலத்தை எந்த நாட்டில் போய்க் கழிக்கலாம் என்று உலகப் படத்தை விரித்துவைத்துப் பார்க்கிற வியாதி. எனக்கு அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் வந்தது. கடுமையாகவே வந்தது.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். தலைமைச் சமையல்காரன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், தலைமைச் சமையல்காரர் லீவு எடுக்கிற நாளில் அவருடைய தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்க்கிற ஆள். என் மனைவி பவளம் அடுத்த தெருவில் ஒரு கார்டெறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில் வேலையாக இருந்தாள். எங்கள் இருவருக்கும் வரப்போகிற பென்சன் மொன்றியலில் சீவிக்கப் போதும். பெருமையாகச் சீவிக்கப் போதாது. (பெருமை இல்லாமல் சீவிக்க எனக்குத் தெரியாது. அது பரம்பரைக் கோளாறு.)

யாழ்ப்பாணத்துக்குப் போகலாம் என்றால் அங்கே திரும்பவும் சண்டை. புளோரிடா, பனிக்குப் பயந்த எங்கள் கெபெக் மாகாணத்துக்காரர் ஓடுகிற இடம். எங்கள் கைக்கு எட்டாது. சென்னையில் இருந்த மைத்துனர், நான் கேட்டு முடிப்பதற்கு முன்னரே வாடகையையும் தண்ணீரையும் சொல்லிப் பயமுறுத்தி போனை வைத்துவிட்டார். இப்படி ஒவ்வொரு நாடாகக் கைவிட்டுக்கொண்டு வந்த ஒரு காலையில், மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஞானம் பிறந்தது. பாண்டிச்சேரி! தமிழும் உண்டு, பிரெஞ்சும் உண்டு, வெயிலும் உண்டு. எங்களுக்காகவே கட்டிவைத்த ஊர். நான் தனியே நின்று சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பெண் அடுத்த கதவுக்கு மாறிப் போனாள்.

நல்ல மனிதன் இதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருப்பான். நான் கோயிலில் சொன்னேன். புரோசார்டில் நடந்த ஒரு கலியாணத்தில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்ற எல்லாருக்கும் விளக்கினேன். "பிரெஞ்சு தெரிஞ்ச ஆக்களுக்கு அங்கை தனி மரியாதை" என்று, அந்த ஊரைக் கண்ணாலும் காணாத நான், கண்டவன் போலச் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் எனக்குப் 'பாண்டிச்சேரி அண்ணை' என்று பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பின்வாங்க வழியில்லை.

இந்த இடத்தில் எங்கள் பிரெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அதைப் பள்ளியில் படிக்கவில்லை, குசினியில் பிடித்தேன். அதில் பாதி மரக்கறிப் பெயர்கள். மறுபாதி, கத்தி வழுக்கினால், எண்ணெய் தெறித்தால், பாத்திரம் விழுந்தால் சொல்கிற சொற்கள். கெபெக்கில் கெட்ட வார்த்தைகள் எல்லாம் தேவாலயத்திலிருந்து வந்தவை. நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம் என்று பூசைக்குரிய பொருள்களின் பெயர்களைத்தான் இங்கே கோபம் வந்தால் சொல்லித் திட்டுவார்கள். தபர்னாக், காலிஸ், சிபுவார், ஓஸ்தி. அவற்றை ஒன்றோடொன்று கொழுவி நீட்டிக்கொண்டே போகலாம். குசினியில் நீட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

பவளத்தின் பிரெஞ்சு வேறு வகை. சுத்தமானது, இனிமையானது, ஆனால் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களோடு அதைப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. வங்கியில் எங்கள் பத்திரத்தில் ஒப்பமிட்ட அதிகாரியைப் பார்த்து, "எவ்வளவு வடிவாய் எழுதுறீங்கள், பிறாவோ" என்று கைதட்டியவள். எங்கள் மகள் சுபா சொல்லுவாள்: "அம்மாவும் அப்பாவும் சேந்து கதைச்சாலும் ஒரு முழு ஆளின்ரை பிரெஞ்சு வராது." (பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பினால் இதுதான் வரும்.)

வாய்ப்பு பவளத்தின் கார்டெறி வழியாகவே வந்தது. அவள் பார்க்கிற குழந்தைகளில் லெயா என்று ஒருத்தி. அவளுடைய தாய் மரி, பாண்டிச்சேரிக்காரி. தகப்பன் லுக், கெபெக்கில் பிறந்து வளர்ந்தவன். மரியின் அம்மா, மதாம் தெரேஸ், கோடைக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலுக்குக் கிட்ட அவருடைய வீடு, மேல்மாடி காலி. கணவர் இறந்த பிறகு பிரெஞ்சில் பேச ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துப் போனதாம். மாலையில் தன்னோடு பிரெஞ்சில் பேசக்கூடிய தம்பதிக்கு மிகக் குறைந்த வாடகைக்கு அந்த மாடியைத் தருவார். ஆனால் முதலில் அவர்களின் பிரெஞ்சைத் தன் காதால் கேட்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்-பிசார் தீவில் இருந்த மரியின் வீட்டுக்குத் தேநீருக்கு வரச் சொன்னார்கள். நான் கடலைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் அழகான வசனங்களைப் பாடமாக்கி, குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். கோடை வெயிலுக்குக் கோட் சூட் போட்டு, நெற்றி நிறையத் திருநீறும் பூசிக்கொண்டு புறப்பட்டேன். பவளம் பட்டுச்சேலை. அந்தத் தீவுக்கு ஞாயிற்றுக்கிழமையில் பஸ் வருவதே பெரிய விஷயம். அது எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து லுக்கின் வீடு வரை நடந்து முடிய, என் கோட்டைப் பிழிந்திருக்கலாம்.

மதாம் தெரேஸ் வெள்ளைச் சேலையில், கழுத்தில் சிறு சிலுவையோடு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "வாங்க முசே, வாங்க மதாம்" என்று தமிழில் அழைத்துவிட்டு உடனே பிரெஞ்சுக்கு மாறினார். நான் கடல் வசனத்தை எடுத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மரி வெட்டித் தந்த கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே காலநிலை வசனத்துக்குத் தலையசைத்தார். மனதுக்குள் நான் அந்த மேல்மாடிக்கு ஒரு சாய்மனைக் கதிரை வாங்கிப் போட்டுவிட்டேன்.

அப்போது லுக் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவந்து தந்தான். அதே நேரத்தில், உள்ளேயிருந்து ஓடிவந்த லெயா தன் கார்டெறி ஆன்டியைக் கண்ட சந்தோசத்தில் பாய்ந்து பவளத்தைக் கட்டிப்பிடித்தாள். போகிற வழியில் என் முழங்கையைத் தட்டினாள். கோப்பைத் தேநீர் முழுவதும் என் தொடையில்.

தபர்னாக் என்று தொடங்கியது எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் ரயில் பெட்டிகள் போலக் கொழுவிக்கொண்டு வந்ததும் தெரியும். நிறுத்தத்தான் தெரியவில்லை.

மரி கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். லுக் கூரையைப் பார்த்தான். மதாம் தெரேஸ் மட்டும் மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பாண்டிச்சேரியில் அவர் படிப்பித்த பிரெஞ்சில் இந்தச் சொற்களுக்குப் பூசைக்குரிய பொருளைத் தவிர வேறு பொருள் கிடையாது.

"வலியில கூட நற்கருணைப் பேழைய நினைக்கிறாரே. எப்பேர்ப்பட்ட விசுவாசம்" என்று மகளிடம் தமிழில் சொன்னார். பிறகு என் நெற்றியைப் பார்த்துக் குழம்பி, "நீங்க ஞானஸ்நானம் வாங்கினவரா முசே?" என்று கேட்டார்.

ஓம் என்றால் வீடு. இல்லை என்றால் விளக்கம். நான் ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் தலையை ஒரு சுற்றுச் சுற்றினேன். (சூடு இன்னும் தொடையில் ஏறிக்கொண்டிருந்தது. கடவுளைப் பற்றிப் பேசக்கூடிய நிலையில் நான் இல்லை.)

பவளத்துக்குப் பதற்றம் வந்தால் கை சும்மா இருக்காது. மடியில் ஏறியிருந்த லெயாவின் வாயில் கேக் கிரீம். துடைத்தாள். அடுத்த கதிரையில் மதாம் தெரேஸின் உதட்டோரத்திலும் கொஞ்சம் கிரீம் இருந்தது. கார்டெறியில் வரிசையாகத் துடைத்துப் பழகிய கை அடுத்த வாய்க்குப் போய்விட்டது. தாடையை இரண்டு விரலால் பிடித்து, துடைத்து, தன் இனிமையான பிரெஞ்சில், "முழுக்கச் சாப்பிட்டு முடிச்சிட்டீங்களே, பிறாவோ" என்றாள். எத்தனையோ மாணவர்களை நடுங்க வைத்த அந்த ஆசிரியை, என் மனைவியின் விரல்களுக்குள் தாடையைக் கொடுத்தபடி அசையாமல் இருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் சமாளித்திருக்கலாம். லெயா தன் பொம்மைக்குத் தேநீர் ஊற்றுவது போல விளையாடிக்கொண்டே, என்னுடைய ரயிலின் முதல் பெட்டியைத் தெளிவாகச் சொன்னாள்.

"பாரு மரி, குழந்தைகூடக் கத்துக்கிச்சு" என்று பாட்டி பூரித்தார்.

லுக் அதுவரை பிடித்துவைத்திருந்த சிரிப்பு வெடித்தது. கதிரையிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்ன, மரி தன் அம்மாவின் காதில் எல்லாவற்றையும் தமிழில் விளக்கினாள். ஒவ்வொரு சொல்லாக விளக்கினாள். மதாம் தெரேஸ் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. வீட்டைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

லுக் எங்களைக் காரில் மெட்ரோ வரை கொண்டுவந்து விட்டான். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். தன் அப்பா ஒருமுறை பெருவிரலில் சுத்தியலால் அடித்துக்கொண்டபோது இதே சொற்களை இதே வரிசையில்தான் சொன்னாராம். சொற்களை யாரும் படிக்கலாம், அந்த வரிசையைப் படிப்பிக்க முடியாது, அது இங்கத்தைய ஆட்களுக்கு மட்டும்தான் வரும் என்றான். இறங்கும்போது என் தோளில் தட்டி, தன் அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு பியர் தந்திருப்பார் என்றான்.

மெட்ரோவில் பவளம் தன் சேலைத் தலைப்பால் என் கால்சட்டையில் இருந்த தேநீர்க் கறையைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, சுட்ட உடனை உங்களுக்கு 'ஐயோ அம்மா' எண்டு வரேல்லை. கவனிச்சனீங்களே?"

கவனிக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கேயே மீசை முளைத்த மனிதன். எனக்கு வலித்தபோது நாக்கு என்னைக் கேட்காமலே இந்தக் குளிர் ஊருக்குப் போயிருக்கிறது. வெட்கப்படுவதா என்று யோசித்தேன். வெட்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தப் பரம்பரைப் பெருமைதான்.

ஒரு கிழமை கழித்து மதாம் தெரேஸே போன் எடுத்தார். சுட்ட காயம் எப்படி என்று அன்பாக விசாரித்தார். பிறகு, வீட்டைத் தருவதற்குச் சம்மதம் என்றார்.

"ஒரே ஒரு நிபந்தனை முசே. உங்க மனைவி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம், அவங்க பிரெஞ்சு ரொம்ப மரியாதை. நீங்க மட்டும் தமிழ்லயே பேசிக்கோங்க."

கடலுக்குக் கிட்ட வீடு. குறைந்த வாடகை. கோயிலிலும் புரோசார்டிலும் காத்துக்கொண்டிருந்த என் மானம். எல்லாம் நான் சொல்லப்போகிற 'ஓம்' என்ற ஒரு சொல்லில் இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். (போனில் அது தெரியாது என்றாலும் நிமிர்த்தினேன்.)

"மன்னிக்க வேணும் அம்மா" என்றேன். "நான் இந்த நாட்டிலை உழைச்சுச் சேர்த்த சொத்து அந்தப் பிரெஞ்சு ஒண்டுதான். அதை விட்டிட்டு வரேலாது."

அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார். பெரிய சிரிப்பு. தன் அம்மா அப்படிச் சிரித்ததைத் தான் கேட்டதே இல்லை என்று மரி பிற்பாடு பவளத்திடம் சொல்லியிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பவளம் வாசலில் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள், அப்படியென்றால் எனக்கு ஒரு நல்ல பனிக்காலச் சப்பாத்து வாங்கித் தாங்கோ என்றாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. பாண்டிச்சேரி என்னவாயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம், வீடு தர வந்தார்கள், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன் என்று சொன்னேன். அது முழு உண்மை.

இப்போது மெட்ரோவுக்குக் கிட்ட ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பென்சன் போதும். சன்னலைத் திறந்தால் கடல் இல்லை, பனி அள்ளுகிற வண்டிதான் தெரியும். அதன் சாரதி எங்கள் வாசலை மூடிப் பனியைத் தள்ளிவிட்டுப் போகிற காலைகளில், சன்னலைத் திறந்து அவனோடு நான் இந்த ஊர் மொழியில் இந்த ஊர்க்காரனாகவே கதைக்கிறேன். அவனும் மரியாதையோடு அதே மொழியில் பதில் சொல்லுகிறான்.

எங்கள் வீட்டில் எல்லாரும் சைவம். பூசையறையில் பிள்ளையாரும் முருகனும்தான். ஆனால் நான் எங்காவது காலை இடித்துக்கொண்டு வாயைத் திறந்தால், சுபாவும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே கைகூப்பி, கண்ணை மூடி, நான் கடைசிப் பெட்டி வரை சொல்லி முடிக்கும் மட்டும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். முடிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து சொல்லுகிறார்கள்:

"ஆமென்."