சேங்கொட்டைப் புள்ளியும் பட்டாளத்து அண்ணாச்சியும்

வலித்தால் நிம்மதியாகி, வலிக்காவிட்டால் பதறுகிற மனுஷர் உலகத்திலேயே ஒருத்தர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த குற்றாலம் லாட்ஜில் எண்ணெய் தேய்த்துவிட்ட பட்டாளத்து அண்ணாச்சி.

யுத்த காலத்தில் வடக்கே ஏதோ ஒரு முகாமில், கடுகு வாயு என்கிற விஷவாயு நிரப்பிய அறைக்குள் அவரை நிறுத்திச் சோதித்துப் பார்த்தானாம் வெள்ளைக்காரன். "லேசா பூண்டு வாசம் அடிச்சுதுலே, அவ்வளவுதான். சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தோம். மறுநா முதுகெல்லாம் கொப்புளம்!"

அதிலிருந்து மனுஷர் ஓரிடத்தில் நின்றதில்லை. சமையல்கட்டில் பூண்டு நசுக்கினால் போதும், எண்ணெய்க் கிண்ணத்தோடு மொட்டைமாடிக்கு ஓடிவிடுவார். பாதி தேய்த்த ஆள் கீழே கிடந்து கத்துவார். இவர் மேலேயிருந்து கூப்பிடுவார்: "மேல வாங்க சார்! அந்த வாயு பள்ளத்தைத் தேடித்தான் வரும்!"

ஒரு சீசனில், எனக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த தென்காசிக்காரர் ஒருவர், பையன் எப்படி என்று பார்க்க எங்கள் லாட்ஜிலேயே வந்து தங்கினார். வெளுத்த வேட்டி கட்டி அவர் முன்னால் பவ்யமாக நின்றேன். அண்ணாச்சி என்னைச் சுற்றிச்சுற்றி வந்தார். சலவைக்காரர் அடையாளத்துக்கு வைத்த சேங்கொட்டைப் புள்ளி, இடுப்பருகே இன்னும் காயாமல் பளபளத்தது. அந்தச் சாறு பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

"ஏலே, எரியுதா?"

"இல்லையே அண்ணாச்சி."

"அய்யய்யோ, எரியலியா? போச்சுலே!"

ஒரே இழுப்பு. வேட்டி அவர் கையில். நான் கோவணத்தோடு வருங்கால மாமனார் முன்னால்! அதோடு விட்டாரா? குழாயடிக்கு இழுத்துப்போய், வெறுங்கையால் சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தார். "துணிக்குள்ள ஊறி இறங்கும்லே, தெரியவே தெரியாது!"

"உம்ம மூஞ்சில இனி முழிக்கமாட்டேன், போய்த் தொலையும்!" என்று கத்திவிட்டேன். சம்பந்தம் அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் என் இடுப்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அண்ணாச்சிக்கு இரண்டு கையிலும் கொப்புளம், விரல் மடங்கவில்லை. சீசன் நேரத்தில் எண்ணெய் தேய்க்கிறவருக்குக் கை போனால் வேறென்ன இருக்கிறது? அவரோ துள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தியா, மறுநாதான்னு சொன்னேம்லா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தென்காசிக்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படி ஒரு ஆளைச் சம்பாதிச்சு வச்சிருக்கான். பொண்ணைக் குடுக்கலாம்" என்றார்.

கை ஆறும்வரை நான்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன், பூண்டு ரசத்தன்று மட்டும் ரசமில்லாமல் மாடியில். முழுசாக ஆறுவதற்குள் ஆவணியில் கல்யாணம் வந்துவிட்டது. கட்டுப் போட்ட கையால் அட்சதை அள்ள முடியாமல், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அன்றைக்கு வேறு யார் யார் ஆசீர்வதித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.